காக்காவையும் எழுதுங்க: பறவைக் குறிப்பும் கம்ப்யூட்டரும், வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடைசியா ஒரு வரி கேட்டிருந்தேன், பார்த்த பறவையை எல்லாம் எங்க எழுதி வைக்கிறீங்கன்னு. வந்த தபால், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் படிச்சு முடிக்கவே ரெண்டு வாரம் ஆச்சு, அவ்வளவு பேர் ஏதோ ஒரு மூலையில எழுதி வச்சிருக்கீங்க, காலண்டர் பின்னாடி எழுதினவங்க கூட இருக்காங்க. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: தம்பி, நான் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். 1988ல இருந்து கூந்தன்குளம், விஜயநாராயணம் பெரிய குளம், எங்க ஊர்க் குளம்னு பார்த்ததை எழுதி வச்ச நோட்டு பதினொண்ணு இருக்கு. பேரன் இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திரலாம் தாத்தாங்கான். பேரெல்லாம் ஊர்ப் பேரு, பல இடத்துல தேதி மட்டும்தான் இருக்கு, நேரம் கிடையாது. இதுனால பிரயோஜனம் உண்டா? (வாசகர், நாங்குநேரி)

அய்யா, உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். இன்னைக்கு உலகம் பூரா பறவை பார்க்கறவங்க எழுதற இபேர்ட்ங்கற இணையதளம் தொடங்கினதே 2002லதான், அமெரிக்காவுல கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டியும் சேர்ந்து ஆரம்பிச்சது. நம்ம பக்கம் ஆளுங்க அதுல நிறைய எழுத ஆரம்பிச்சு பத்துப் பன்னெண்டு வருஷம்தான் இருக்கும். அப்போ 1988ல திருநெல்வேலிப் பக்கம் ஒரு சாதாரண ஊர்க் குளத்துல மாசி மாசம் என்ன இருந்துச்சுன்னு யாராவது கேட்டா பதில் சொல்ற காகிதம் ரொம்பக் கம்மி, அதுல பதினொரு நோட்டு உங்க வீட்டுல இருக்கு. பிரயோஜனம் உண்டான்னு நீங்க கேட்கவே வேண்டாம்.

முதல்ல டைப் பண்ண உட்காராதீங்க. பேரனை விட்டு ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுக்கச் சொல்லுங்க, நோட்டு நம்பர், பக்க நம்பர் தெரியற மாதிரி. கரையானும் மழையும் நமக்காகக் காத்திருக்காது. அதுக்கப்புறம் எக்செல்லோ கூகுள் ஷீட்டோ எது பழக்கமோ அதுல ஒரு பறவைக்கு ஒரு வரின்னு ஆரம்பிக்கணும், ஒரு நாளைக்கு ஒரு வரின்னு ஆரம்பிச்சா பின்னாடி பிரிக்கவே முடியாது.

நீங்க அனுப்பின போட்டோவுல இருக்கற ஒரு பதிவையே எடுத்துக்குவோம். "7.2.94, காலை, பெரிய குளம் வடகரை. நாமக்கோழி ஏராளம். நத்தைகுத்தி 40. வரித்தலை வாத்து 12. கொக்கு." இது நாலு வரி ஆகணும். ஒவ்வொரு வரியிலயும் வருஷம் ஒரு கட்டம், மாசம் ஒரு கட்டம், நாள் ஒரு கட்டம், இடம், நீங்க எழுதின பேர், இன்னைக்கு வழக்குல இருக்கற பேர், எண்ணிக்கை, குறிப்பு, நோட்டு-பக்க நம்பர். "நீங்க எழுதின பேர்"ங்கற கட்டத்துல எழுத்துப் பிழை இருந்தா கூட திருத்தாதீங்க, அப்படியே இருக்கட்டும், ஏன்னா நாளைக்கு அந்தப் பறவை வேற ஒண்ணுன்னு தெரிஞ்சா திரும்பிப் போய்ப் பார்க்க அது ஒண்ணுதான் ஆதாரம்.

அந்த "ஏராளம்" இருக்கே, அதை 500ன்னோ 1000ன்னோ மாத்தணும்னு கை பரபரக்கும், பேரன் கண்டிப்பா கேப்பான் தாத்தா எத்தனை இருக்கும்னு. வேண்டாம் அய்யா. எண்ணலைன்னா இபேர்ட்ல எக்ஸ்னு ஒரு எழுத்து போடலாம், இருந்துச்சு ஆனா எண்ணலைன்னு அர்த்தம், "ஏராளம்"ங்கற உங்க வார்த்தை குறிப்புக் கட்டத்துல போகட்டும். அதே மாதிரி வெறும் "கொக்கு"ன்னு இருந்தா அது உண்ணிக்கொக்கா சின்னக் கொக்கா மடையானான்னு இன்னைக்கு நீங்க ஞாபகத்துல இருந்து முடிவு பண்ணாதீங்க. இனம் தெரியாத கொக்குன்னு போடவே அதுல தனியா ஒரு இடம் இருக்கு. நீர்க்காகத்துக்கும் அதே கதைதான், நம்ம குளத்துலயே மூணு வகை உண்டு.

அடுத்தது தேதி, இதுல நான் அடிபட்டிருக்கேன். என் பழைய லிஸ்ட்டை எல்லாம் ஒரு ஃபைலாக்கி இபேர்ட்ல ஏத்தினப்போ நாள்/மாசம்/வருஷம்னு நம்ம ஊர் வழக்கப்படி போட்டுட்டேன், அது கேக்கறது மாசம் முதல்ல, நாள் ரெண்டாவது. 25ஆம் தேதி, 18ஆம் தேதியெல்லாம் தப்புன்னு உடனே திருப்பி அனுப்பிடுச்சு, ஏன்னா 25ஆவது மாசம் கிடையாதே. ஆனா 12ஆம் தேதிக்குள்ள இருக்கறது எல்லாம் சத்தமே இல்லாம உள்ள போயிடுச்சு. பிப்ரவரி 7ல பார்த்த ஊசிவால் வாத்து ஜூலை 2ல பார்த்ததா ஆகிப்போச்சு. குளிர்காலத்துக்கு மட்டும் இங்க வர்ற வாத்து ஆடி மாசம் நெருங்கறப்போ தமிழ்நாட்டுல எப்படி இருக்கும்னு பதிவுகளைச் சரிபார்க்கற தன்னார்வலர் ஒருத்தர் மெயில் போட்டுக் கேட்டாரு, அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. மைனாவுக்கும் காக்காவுக்கும் யாரும் கேட்கல, அதுங்க வருஷம் பூரா இருக்கறது, அந்தத் தப்புத் தேதிகளை ஒவ்வொண்ணா நானே நோட்டை வச்சுக்கிட்டு தேடித் திருத்தினேன், மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. அதனாலதான் வருஷம் மாசம் நாள் மூணையும் தனித்தனிக் கட்டத்துல வைங்கன்னு சொல்றேன், கடைசில ஏத்தறப்போ எந்த வரிசையில வேணுமோ சேர்த்துக்கலாம்.

நேரம் இல்லாத நாளுக்கு "ஹிஸ்டாரிக்கல்"னு ஒரு வகை இருக்கு, அதுல தேதியும் இடமும் இருந்தா போதும், காலைல ஏழு மணியா இருக்கும்னு கணக்கு போட்டு நேரம் எழுதாதீங்க. இடத்துக்கு ஒரே பேர், ஒரே எழுத்துல. கூந்தன்குளம், கூந்தங்குளம், கூ.குளம்னு மூணு விதமா டைப் பண்ணா கம்ப்யூட்டருக்கு அது மூணு ஊர். ஃபைல் ஒரு எம்பிக்குள்ள இருக்கணும், அதனால ஒரு நோட்டை மட்டும் முதல்ல ஏத்திப் பாருங்க, சரியா வந்துச்சுன்னா அடுத்தது. பதினொண்ணையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு அவசரம் ஒண்ணும் இல்ல அய்யா, போட்டோ எடுக்கறது மட்டும் இந்த வாரமே ஆகட்டும்.

கேள்வி: எனக்குக் காட்டுக்கெல்லாம் போக வழியில்ல அண்ணா. மதுரையில மாடி வீடு, காலைல காபியோட ஒரு இருபது நிமிஷம் நின்னா எட்டு ஒம்பது பறவை வரும், காக்கா, புறா, மைனா, கிளி, தேன்சிட்டுன்னு. இதைப் போய் ஆப்ல போட்டா சிரிக்க மாட்டாங்களா? (வாசகி, மதுரை)

சிரிக்க மாட்டாங்கம்மா, இப்படி ஒருத்தர் கிடைப்பாங்களான்னு தேடிக்கிட்டு இருக்காங்க. ஒரே இடம், ஒரே நேரம், தினமும் இருபது நிமிஷம், இதை விட நல்ல பதிவு வருஷத்துக்கு ரெண்டு தடவை முதுமலை போய்ட்டு வர்ற எனக்கே கிடையாது.

லிஸ்ட்டை முடிக்கறப்போ இபேர்ட் ஆப் ஒரு கேள்வி கேக்கும், நீங்க அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் இதுல எழுதிட்டீங்களான்னு. பார்த்ததுல தெரிஞ்சது எல்லாத்தையும் எழுதியிருந்தா ஆமான்னு சொல்லுங்க, காக்கா வேண்டாம்னு விட்டிருந்தா இல்லன்னு சொல்லணும். அந்த ஒரு ஆமாவுலதான் முழு விஷயமும் இருக்கு. எப்படின்னா, நீங்க இந்த மாசம் 20 லிஸ்ட் போடறீங்க, அதுல 15ல தையல்சிட்டு இருக்கு, அப்போ 75 சதவீதம். அஞ்சு வருஷம் கழிச்சு அதே மாசம் அதே மாடி, 20ல 6லதான் இருக்குன்னா 30 சதவீதம், ஏதோ ஆகியிருக்குன்னு தெரியுது, பக்கத்து மனையில இருந்த செடி கொடியெல்லாம் வெட்டிட்டாங்களோ என்னவோ. எல்லாத்தையும் எழுதின லிஸ்ட்ல ஒரு பேர் இல்லைன்னா அது வரலைன்னு அர்த்தம். பிடிச்சதை மட்டும் எழுதின லிஸ்ட்ல இல்லைன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

இந்தியப் பறவைகளோட நிலைன்னு 2023ல ஒரு அறிக்கை வந்துச்சு, 30,000 பேருக்கு மேல எழுதின சுமார் 3 கோடி பதிவை வச்சு 942 இனங்களை அலசிப் பார்த்தாங்க, அதுல 178 இனத்துக்கு உடனே கவனம் வேணும்னு சொன்னாங்க. கரண்ட் கம்பில உட்கார்ந்திருக்குமே நீலச் சிறகோட பனங்காடை, எல்லாரும் சாதாரணமா நினைச்ச பறவை, அது குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு அதுலதான் தெரிய வந்துச்சு, மயில் ஏறிக்கிட்டே போகுதுன்னும் தெரிஞ்சது. சாதாரணப் பறவைன்னு எழுதாம விட்டிருந்தா பனங்காடை குறையறது யாருக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கு இதை நினைச்சாலே ஒரு மாதிரி ஆயிடும்.

எண்ணிக்கையைப் போட முயற்சி பண்ணுங்க. கிளி கூட்டமா பறந்துபோனா முதல்ல பத்தை எண்ணிட்டு, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு பார்த்து, கூட்டத்துல அது மாதிரி எத்தனை பங்கு இருக்குன்னு கணக்கு பண்ணா ஓரளவு சரியா வரும். மாடியில ஒரே இடத்துல நிக்கறதால "ஸ்டேஷனரி"ன்னு வகையைத் தேர்ந்தெடுங்க, நடந்துக்கிட்டே பார்த்தா "டிராவலிங்". ஜனவரியில பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015ல இருந்து நடக்குது, குறைஞ்சது 15 நிமிஷம் பார்த்து லிஸ்ட் போட்டா போதும். கோலம் போட்டு முடிச்சதும் மாடிக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

கேள்வி: வால்பாறையில, குரலைக் கேட்டுப் பறவை பேர் சொல்ற மெர்லின் ஆப்பை ஆன் பண்ணி வச்சேன், இருபது நிமிஷத்துல 23 பறவை காட்டுச்சு. கண்ணுல பார்த்தது 6தான். 23ஐயும் லிஸ்ட்ல சேர்க்கலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

சேர்க்காதீங்க தம்பி. மெர்லினும் அதே கார்னெல்காரங்க பண்ணதுதான், நல்ல ஆப், நானும் தினமும் வச்சுக்கறேன், ஆனா அது "இங்க பாரு, இது கேக்குது"ன்னு விரல் நீட்டற அளவுதான். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து உறுதி பண்றது நம்ம வேலை.

வால்பாறையில துடுப்புவால் கரிச்சான் இருக்கு, கேட்டிருப்பீங்க. அது வல்லூறு மாதிரி கத்தும், இன்னும் நாலஞ்சு பறவை மாதிரி கத்தும், ஒரே கிளையில உட்கார்ந்துக்கிட்டு. காட்டுல இருந்தது ஒரு கரிச்சான், உங்க போன்ல வந்தது அஞ்சு பேர், இப்படி ஆகறது ரொம்ப சகஜம். மரங்கொத்தி தூரத்துல ஒரு தடவை கத்தினாலும் ஆப் ஒரு பேரைச் சொல்லும்.

அதுக்காகக் காதுல கேட்டதை எழுதவே கூடாதுன்னு இல்ல. குயிலு, செம்போத்து, ஆள்காட்டி, இதெல்லாம் பார்க்காமலே உங்களுக்குத் தெரியும்ல, தாராளமா எழுதுங்க, கேட்டதுன்னு குறிப்பு போட்டா இன்னும் நல்லது. உங்களுக்கே தெரியாத குரலை ஆப் சொல்லுச்சுங்கறதுக்காக மட்டும் எழுதறதுதான் தப்பு. ரெக்கார்டிங்கை அழிச்சுடாம வைங்க, லிஸ்ட்டோட சேர்த்து ஏத்தலாம், தெரிஞ்சவங்க கேட்டுட்டு சொல்லுவாங்க. அன்னைக்கு 6தான் வந்துச்சுன்னா 6 போடுங்க, அடுத்த தடவை 9 ஆகும், அந்த மூணை நீங்க வாழ்நாள்ல மறக்க மாட்டீங்க.

கேள்வி: நான் சில வருஷம் தான்சானியாவுல வேலை பார்த்தேன், இப்போ தஞ்சாவூர் வந்துட்டேன். திடீர்னு ஒரு நாள் பார்த்தா இபேர்ட்ல என் லைஃப் லிஸ்ட்ல, அதாவது இதுவரை பார்த்த இனங்களோட பட்டியல்ல, ஒரு பறவை கூடியிருக்கு, நான் எதையும் சேர்க்கல. சாஃப்ட்வேர்ல ஏதாவது கோளாறா? (வாசகர், தஞ்சாவூர்)

கோளாறு இல்லங்க, அது உண்ணிக்கொக்கு. மாட்டுக்குப் பின்னாடியே நடக்குமே அதேதான். ஆப்பிரிக்காவுல பார்த்ததும் நம்ம வயல்ல பார்த்ததும் ஒரே இனம்னு ரொம்ப நாளா வச்சிருந்தாங்க, 2023ல இபேர்ட் அதை மேற்கு, கிழக்குன்னு ரெண்டாப் பிரிச்சது. நீங்க ரெண்டு பக்கமும் பார்த்திருக்கீங்க, இடத்தை வச்சு அதுவே பிரிச்சுக் கொடுத்துடுச்சு. இடத்தை ஒழுங்கா எழுதினதுக்குக் கிடைச்ச கூலின்னு வச்சுக்குங்க. அடுத்த வருஷம் கூகைக்கும் இதே நடந்துச்சு.

உங்களுக்குப் பிடிக்கும்னு ஒண்ணு சொல்றேன், நம்ம கிழக்கு உண்ணிக்கொக்கோட அறிவியல் பேர்ல "கோரமண்டா"ன்னு வரும். கோரமண்டல், சோழமண்டலக் கரை. தஞ்சாவூர் வயல்ல நிக்கற கொக்குக்கு சோழமண்டலத்துப் பேருதான்.

இந்த மாதிரி பிரிக்கறதும் சேர்க்கறதும் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, அக்டோபர் வாக்குல நடக்கும். உலகத்துல பல பட்டியல் இருந்து ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராம இருந்ததை எல்லாம் சேர்த்து 2025ல அவிலிஸ்ட்னு ஒரே பட்டியல் கொண்டுவந்தாங்க, அதுல 11,131 இனம். இனிமே குழப்பம் கொஞ்சம் குறையும். எக்செல்ல தனியா லிஸ்ட் வச்சிருக்கறவங்க எந்த வருஷப் பட்டியலை வச்சு எழுதினீங்கன்னு மேல ஒரு வரி போட்டு வைங்க.

கேள்வி: என் பதிவெல்லாம் வெளிநாட்டு சர்வர்ல மட்டும் இருக்கறது எனக்குச் சரியாப் படல. லேப்டாப்லயே வச்சுக்க ஏதாவது சாஃப்ட்வேர் உண்டா? டவுன்லோட் பண்ண ஃபைலை எக்செல்ல திறந்தா நான் தமிழ்ல எழுதின குறிப்பெல்லாம் கோழி கிளறின மாதிரி தெரியுது. (வாசகி, திருச்சி)

உண்டு, சைத்பில்னு பேரு, இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும், இபேர்ட்ல இருந்து எடுத்த ஃபைலை உள்ள வாங்கிக்கும், இங்க எழுதினதை அங்க ஏத்தவும் முடியும். பார்க்க ரொம்பப் பழைய காலத்து சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும், ஆனா இந்த மாநிலத்துல எத்தனை, இந்த வருஷம் எத்தனைன்னு எப்படிக் கேட்டாலும் பிரிச்சுக் கொடுக்கும்.

தமிழ் கலைஞ்சு தெரியறதுக்கு ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க. நீங்க டவுன்லோட் பண்ணது சிஎஸ்விங்கற வகை ஃபைல், அதை டபுள் கிளிக் பண்ணித் திறந்தா எக்செல் சில நேரம் எழுத்து முறையைத் தப்பாப் புரிஞ்சுக்குது. வெறும் எக்செல்லைத் திறந்து, டேட்டாங்கற இடத்துல போய், சிஎஸ்வியில இருந்து எடுன்னு கொடுத்து, அங்க யூடிஎஃப்-8னு தேர்ந்தெடுங்க, தமிழ் சரியா வந்துடும். லிப்ரே ஆஃபீஸ்ல திறக்கறப்பவே அது கேட்கும். முக்கியமா, கலைஞ்சு தெரியறப்போ சேவ் மட்டும் பண்ணிடாதீங்க, பண்ணா உண்மையிலேயே போயிடும். அப்புறம் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் செலக்ட் பண்ணி வரிசைப்படுத்தறது, அதுவும் வேண்டாம், பேர் ஒரு பக்கம் எண்ணிக்கை ஒரு பக்கம்னு இடம் மாறிப் போயிடும், திரும்பச் சேர்க்க வழியே இல்ல.

2011ல என் கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் போச்சு, பழவேற்காட்டுல மூணு வருஷம் பூநாரை எண்ணினது எல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு, பேக்கப் எடுத்து வைக்கல. சரி பண்ணக் கொடுத்த இடத்துல ஒண்ணும் எடுக்க முடியலன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதுல இருந்து ஒவ்வொரு மாசமும் முதல் தேதி இபேர்ட்ல இருந்து என் பதிவு முழுசையும் டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல ஒண்ணு, கூகுள் டிரைவ்ல ஒண்ணு வைக்கறேன், ஃபைல் பேர்லயே தேதி. பழசை அழிக்கறதில்ல. அஞ்சு நிமிஷ வேலை.

கேள்வி: எங்க ஊர்ப் பாறை இடுக்குல கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிச்சிருக்கு. லிஸ்ட்ல சரியான இடத்தைக் குறிக்கணும்னு நீங்கதான் சொல்வீங்க, குறிச்சா கேமராவோட கூட்டம் வந்துடுமோன்னு பயமா இருக்கு. (வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

உங்க பயம் நியாயம், இப்போ ஏத்தாதீங்க. நோட்டுலயோ லேப்டாப்லயோ தேதி, நேரம், இடம், குஞ்சு எத்தனை, எல்லாம் முழுசா எழுதி வச்சுக்குங்க. குஞ்சு பறந்து போய் ரெண்டு மூணு மாசம் ஆனப்புறம் இபேர்ட்ல போடலாம், பழைய தேதியிலயே போடலாம், அதுக்கு ஒண்ணும் தடை இல்ல. வேணும்னா அந்த லிஸ்ட்டைப் பொதுவுல தெரியாம மறைக்கவும் வழி இருக்கு. சில அரிய இனங்களோட இடத்தை இபேர்ட்காரங்களே மறைச்சுடுவாங்க, ஆனா அதை நம்பி இருக்க வேண்டாம். போன்ல எடுத்த போட்டோவுக்குள்ளயே இடம் பதிவாகியிருக்கும், அதை குரூப்ல ஃபைலா அனுப்பிடாதீங்க, போன் கேமராவுல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுங்க. யாரு கேட்டாலும், என்னை மாதிரி ஆளு கேட்டாலும், சொல்லாதீங்க.

கேள்வி: மாமா, நான் ஏழாவது படிக்கறேன். எனக்குப் போன் கிடையாது. எங்க ஸ்கூல் கிரவுண்டுல கொண்டலாத்தி ரெண்டு வந்து புல்லுல கொத்திக்கிட்டு இருந்துச்சு. நான் எப்படி எழுதி வைக்கறது? (மாணவி, சேலம்)

ஒரு நாப்பது பக்க நோட்டு போதும் கண்ணு. மேல தேதி, எந்த இடம், எத்தனை மணிக்குப் பார்க்க ஆரம்பிச்ச, எவ்வளவு நேரம் பார்த்த, கூட யாரு இருந்தாங்க. கீழ பறவை பேர், எத்தனை. பேர் தெரியலைன்னா சின்னதா படம் போடு, அலகு எப்படி, வால் எப்படின்னு. பெரியவங்க யாராவது கிட்ட போன் இருக்கறப்போ அப்படியே ஏத்திக்கலாம். உன் கார்டுல தேதி இருக்கு, இடம் இருக்கு, ரெண்டுன்னு எண்ணியும் இருக்க, நேரம் மட்டும் இல்ல. காலைல பிரேயர் முன்னாடியா, மதியம் சாப்பிடறப்பவா? ஞாபகம் இருக்கறப்பவே நோட்டுல எழுதிடு, அப்படியே கிரவுண்டுல அப்போ காக்கா எத்தனை இருந்துச்சுன்னும் யோசிச்சுப் பாரு, ஞாபகம் இல்லைன்னா நாளைக்கு எண்ணிக்கலாம்.